கானாவூருக்குப் பதில் வியட்நாம்

எங்கள் திண்டுக்கல்லில் இப்போது தடுக்கி விழுந்தால் வியட்நாம் போய்வந்த ஒருவர் மேல்தான் விழ வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாடு என்றால் சிங்கப்பூரும் மலேசியாவும். அங்கே ஒரு மாமன் மகனாவது இருந்தால்தான் போவார்கள். திரும்பும்போது தைலமும் நைலக்ஸ் புடவையும் வரும். அப்புறம் துபாய் என்றார்கள். அப்புறம் தாய்லாந்து, அதற்கு ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போனார்கள், வந்தபின் அங்குள்ள புத்தர் கோயில்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். இப்போது வியட்நாம். நானோ முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டியதோடு சரி, கடல் தாண்டியதில்லை.

எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த ஊர்கள் எதுவும் ஒட்டியதில்லை. எங்களுக்கு வெளிநாடு என்றால் எருசலேம். அதிலும் தம்பதிகளுக்குக் கானாவூர். ஆண்டவர் ஒரு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய ஊர் அது. அங்கே உள்ள கோயிலில் கணவனும் மனைவியும் கைகோத்து நின்று கல்யாண வாக்குறுதியை மறுபடியும் சொல்வார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வெட்கப்பட்டுச் சிரித்தபடி அங்கே எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள்.

அந்தப் போட்டோவுக்கு ஆசைப்பட்டவர் என் மதினி. சித்தையன்கோட்டையில் வாழையும் தென்னையுமாக விவசாயம் பார்க்கிற என் அண்ணன் சவரிமுத்துவின் மனைவி. முதல் தடவை கிளம்பும்போது நோய்த்தொற்று வந்து உலகத்தையே பூட்டிவிட்டார்கள். அடுத்த தடவை மதினிக்கே நோய் வந்தது. இலவு காத்த கிளியாகவே இருந்துவிட்டு மதினி போய்ச்சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்றைக்கு அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டார்: “நான் வரலைன்னாலும் என் தாலியைக் கொண்டுபோய் கானாவூர்ல மாதா காலடியில வச்சிருங்க.”

எங்கள் வீட்டு வழக்கப்படி சவப்பெட்டியை மூடும் முன் தாலியைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார்கள். சிலுவை பதித்த சின்னத் தாலி. அதை ஒரு சுருக்குப் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போனாலும் அது கூடவே போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போய்த் தடவிப் பார்க்கும். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. அந்தப் பை இறங்கினால்தான் அண்ணன் பழைய ஆளாவார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எருசலேமுக்கு மறுபடி ஏற்பாடு செய்தபோது அங்கே சண்டை மூண்டுவிட்டது.

டூர் நடத்துகிற பிரான்சிஸ் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அண்ணனை மாமா என்பான். அவன்தான் வீட்டுக்கு வந்து சொன்னான். “மாமா, இப்ப எருசலேம் கேக்குறவுக யாருமில்ல. எல்லாரும் வியட்நாம்தான். அங்கயும் லா வாங்னு ஒரு மாதா கோயில் இருக்கு. நம்ம வேளாங்கண்ணி மாதிரி. கல்யாண வாக்குறுதியும் அங்கயே வச்சிருக்கேன். மாதா ஒருத்தர்தான மாமா?”

அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “பாப்பா, நீ வாரியா?” என்றார் என்னிடம். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, இன்னும் அவருக்கு நான் பாப்பாதான். கல்யாணம் காட்சி இல்லாதவள், யாரிடம் கேட்க வேண்டும்? மதினிக்கு என்று முன்பே பணம் கட்டி வைத்திருந்த இடத்தில் நான் கிளம்பினேன்.

விமானத்தில் ஏறியதும் திருமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. எங்கே திரும்பினாலும் தமிழ். முன் சீட்டில் ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். எங்கள் கூட்டத்திலும் பாதிப் பேர்தான் திருப்பயணிகள். மீதி இடங்களைப் பிரான்சிஸ் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களைக் கொண்டு நிரப்பியிருந்தான். என் பக்கத்தில் சின்னாளப்பட்டிப் பரிமளா. அவள் கணவர் கணேசன் சுங்குடிச் சேலை வியாபாரி. “எனக்கு அந்தப் பெரிய கை ரெண்டு பாலத்தத் தாங்குதுல்ல, அதப் பாக்கணும் டீச்சர். எங்க தெருவுல மூணு வீட்டுக்காரங்க அதுல நின்னு போட்டோ போட்டுட்டாங்க. நான் மட்டுந்தான் பாக்கி” என்றாள். ஆளுக்கொரு போட்டோ.

தானாங் நகரில் இறங்கும்போதே மழை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் சிறுமலைப் பக்கம் கருத்தால் வாசலில் வந்து நின்று பார்ப்போம். இங்கே அதைப் பார்க்க ஆள் இல்லை. எல்லோரும் கழுத்திலிருந்து முட்டிவரை நெகிழித் தாளைப் போர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

விடுதி அறையைத் திறந்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். ஒரே பெரிய கட்டில். அதன் மேல் வெள்ளைத் துண்டுகளை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். சுற்றிலும் ரோஜா இதழ்கள். ஜோடியாகப் பதிவான இடம், அதனால் வந்த வினை. அண்ணன் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ உள்ளே போய் அன்னங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, மடித்துவைத்தார். “பாப்பா, ஒங்க மதினி இதப் பாத்திருந்தா சிரிச்சே வயிறு வலிச்சிருப்பா” என்றார். பிரான்சிஸ் ஓடிவந்து அறையை மாற்றிக் கொடுத்தான். எனக்குப் பரிமளாவோடு இடம் கிடைத்தது. கணேசன் அண்ணனோடு போனார்.

மறுநாள் ஹோய் ஆன் என்கிற பழைய ஊர். தெரு முழுக்கக் காகித விளக்குகள், எல்லாம் நனைந்து தொங்கின. கடைக்காரப் பெண்கள் எங்களைக் கண்டதும் “அண்ணா வாங்க, அக்கா வாங்க, சீப்பு சீப்பு” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கைடு ஹோவா என்ற பெண், ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். இந்தத் தமிழ் எங்கே கற்றார்கள் என்று கேட்டேன். “உங்களிடம்தான். முன்பு கொரியாக்காரர்கள் வந்தார்கள், நான் காசு கட்டிக் கொரிய மொழி படித்தேன். அவர்கள் குறைந்து நீங்கள் வந்தீர்கள். இப்போது தமிழ் படிக்கிறேன். நன்றாகப் பேச வரும்போது நீங்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவீர்கள்” என்றாள். எங்கள் பஸ்ஸிலேயே இரண்டு பேர் அடுத்து பாகு நகரம் போகலாமா, கஜகஸ்தான் போகலாமா என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

சாப்பாடு தமிழ்க் கடையில். பலகையில் திண்டுக்கல் பிரியாணி என்றே தமிழில் எழுதியிருந்தது. உள்ளே வந்தது நீள அரிசியும் மஞ்சள் பொடியும். சமைத்தவர் நேபாளக்காரர். எங்கள் ஊர்ப் பெயரைக் கடல் தாண்டி யாரோ வைத்துப் பிழைக்கட்டும், ஆனால் சீரக சம்பாவைக் கண்ணிலாவது காட்டியிருக்கலாம். அண்ணன் அதைத் தள்ளிவைத்துவிட்டு எதிர்க் கடையில் காபி வாங்கிக் குடித்தார். கண்ணாடி டம்ளரின் மேல் சின்ன வடிகட்டியை வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். கெட்டி டிகாஷன், அடியில் கெட்டிப் பால். “இது ஒண்ணுதான் பாப்பா இங்க நம்ம வீட்டு ருசி” என்றார். அவர் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மூன்றாம் நாள் லா வாங் கிளம்பினோம். வடக்கே போகப் போக மழை கூடியது. சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வாழைத் தோப்புகள் இடுப்பளவு முங்கி நின்றன. அண்ணன் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். “தார் தள்ளுன மரம். மூணு நாள் தண்ணி நின்னா வேர் அழுகிரும். எவன் வீட்டுப் பொழப்போ” என்றார். ஓரிடத்தில் சாலையே காணவில்லை. போலீஸ்காரர் குறுக்கே கயிறு கட்டியிருந்தார். ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கிக் காத்திருந்தோம். எங்கள் கண் முன்னால் ஒரு குடும்பம் கட்டில், பன்றிக்குட்டி, சாமிப் படம் எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் பஸ்ஸிலிருந்து அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். பிடிக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பள்ளிக்கூடத்திலேயே என் பேச்சு எடுபட்டதில்லை. கடைசியில் பஸ் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் ஹுவே நகரத்து விடுதியில் பிரான்சிஸ் எல்லோரையும் கூட்டினான். “இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குக் கைப்பாலம் போறதா இருந்துச்சு. தண்ணி வடிஞ்சா லா வாங் போலாம். ஆனா ரெண்டும் ஏலாது. கை தூக்குங்க.”

பாலத்துக்குத்தான் கைகள் உயர்ந்தன. ஞாயிறு தவறாமல் எங்கள் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர்களின் கைகளும் உயர்ந்தன. “மாதாவ வேளாங்கண்ணியில பாத்துக்கலாம், பாலத்த அங்க பாக்க முடியுமா?” என்றார் அவர்களில் ஒருவர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் கை சட்டைப் பைக்குப் போனது.

அப்போதுதான் பரிமளா எழுந்தாள். அறையில் நான் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். “இங்க பாருங்க, நான் அந்தப் பாலத்துக்காகவே வந்தவ. எனக்கு மாதாவும் தெரியாது, கானாவூரும் தெரியாது. ஆனா பெரியவரு பொண்டாட்டி தாலிய நெஞ்சுல வச்சுக்கிட்டுச் சுத்துறாரு. செத்தவ கடைசியாக் கேட்டது. அத விட்டுட்டுப் போட்டோ புடிச்சா அந்தப் போட்டோவ எப்படி வீட்டுல மாட்டுவீங்க?” என்றாள். கணேசன் அவள் முந்தானையை இழுத்தார். அவள் விடவில்லை. “தாலி வெவகாரம் ஐயா இது!”

பிரான்சிஸ் மறுபடி கை தூக்கச் சொல்லவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்து லா வாங் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாக இறங்கியிருந்தது. பெரிய மைதானம், ஒரு மூலையில் பழைய செங்கல் கோபுரம் மட்டும் தனியாக நின்றது. கோயில் எங்கே என்று கேட்டார் அண்ணன். “அமெரிக்கப் போரில் குண்டு போட்டார்கள். கோபுரம் மட்டும் மிஞ்சியது” என்றாள் ஹோவா. நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணன் கோபுரத்தைச் சுற்றிவந்து, செங்கல்லில் விழுந்திருந்த பொத்தல்களில் விரலை விட்டுப் பார்த்தார். “சண்டை நடக்குதுன்னு ஒரு கோயிலுக்குப் போகாம, சண்டை நடந்த கோயிலுக்கு வந்திருக்கோம்” என்றார்.

மாதா சிலை வெட்டவெளியில் இருக்கிறது. சிமெண்டில் செய்த பெரிய மரங்களின் கீழே, அந்த நாட்டுப் பெண்களின் நீள அங்கியும் தலையில் வட்ட முடியுமாக, கையில் குழந்தையோடு நிற்கிறாள். காட்டில் ஒளிந்து சாகக் கிடந்த கிறிஸ்தவர்களுக்குப் பச்சிலை காட்டிய மாதா என்கிறார்கள். நனைந்த ஊதுபத்தி வாசனை. உள்ளூர்ப் பெண்கள் மாதாவின் பாதத்தைத் தடவிவிட்டு அந்தக் கையைத் தங்கள் பிள்ளைகளின் தலையில் வைத்தார்கள். வேளாங்கண்ணியில் நாங்கள் செய்வதும் அதுதான். மனசு கொஞ்சம் ஆறியது, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பூசை முடிந்ததும் கல்யாண வாக்குறுதி. ஆளரவம் குறைந்த ஒரு சிற்றாலயத்தில் ஜோடிகளை வரிசையாக நிறுத்தினார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். நனைந்த தரை வழுக்கியது, அவருக்குப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். சாமியார் இளைஞர், சிரித்த முகம். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, பிரான்சிஸ் தமிழில் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும். அண்ணன் வாய் திறக்கவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்துத் தாலியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு மட்டும் நின்றார். மந்திரித்த பிறகு மாதாவின் காலடியில் வைப்பது என்பது ஏற்பாடு.

சாமியார் ஒவ்வொரு ஜோடியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே எங்களிடம் வந்தார். தாலியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கையிலெடுத்தார், சிலுவை போட்டார். அதை அண்ணன் கையில் திருப்பி வைத்து, அந்தக் கையை அப்படியே பிடித்து என் கழுத்தை நோக்கிக் கொண்டுவந்தார். போடுங்கள், போடுங்கள் என்று தலையசைத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு கன்னியாஸ்திரீகள் கைதட்டத் தயாரானார்கள்.

“ஐயையோ! கூடப் பொறந்தவ சாமி!” என்று பரிமளா போட்ட சத்தம் கோயில் முழுக்க எதிரொலித்தது.

அண்ணன் கையை வெடுக்கென்று மூடிக்கொண்டார். ஹோவா ஓடிவந்து சாமியாரிடம் என்னவோ சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. இடுப்புவரை குனிந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார், என்னிடமும் கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள், கையில் கல்யாண நகை இருக்கிறது. எங்கள் ஜனங்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமா, சிரிப்பா, அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. வாழ்நாளில் என் கழுத்துப் பக்கம் வந்த ஒரே தாலி அது. அதுவும் செத்துப்போன மதினியுடையது, கொண்டுவந்தது அண்ணன் கை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் நகர்ந்து வாசல் தூண் பக்கம் போய்விட்டேன்.

அண்ணன் மூடிய கையோடு வெளியே சிலை வரைக்கும் தனியாக நடந்தார். குனிந்து, மாதா காலடியில் இருந்த கண்ணாடிப் பெட்டியின் துளை வழியாகத் தாலியை உள்ளே போட்டார். மோதிரம், சங்கிலி, யாரோ ஒருவரின் கைக்கடிகாரம் இவற்றுக்கு நடுவே அது போய் விழுந்தது. திரும்பி வரும்போது வெறும் சுருக்குப் பையை மடித்துக்கொண்டே வந்தார். “வா பாப்பா, போவோம். இத இன்னும் வச்சிருந்தா ஊர்ல எவனெவனோ எங்கெங்கயோ கொண்டுபோய் மாட்டுவான்” என்றார்.

அன்று பஸ்ஸில் அவர் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, கழுத்து ஒரு பக்கம் சாய, அசந்து தூங்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வந்த காரியம் முடிந்தது, மாதா ஒருத்தர்தானே என்று பிரான்சிஸ் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பின் அண்ணன் நேரத்துக்குச் சாப்பிட்டார். தோட்டத்துக்குப் புதுக் கன்று வாங்கி வைத்தார். எனக்கு வாழைப்பூவும் தேங்காயும் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஒருநாள் நான் சித்தையன்கோட்டைக்குப் போயிருந்தேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரான்சிஸ் பைக்கில் வந்து இறங்கினான். முகமெல்லாம் பல்.

“மாமா, சண்டை நின்னுருச்சு. எருசலேம் மறுபடி தொறந்துட்டாங்க. ஈஸ்டருக்கு முந்தி தவசு காலத்துல ஒரு கூட்டம் கெளம்புது. கானாவூரும் உண்டு. மொதல் ஆளா ஒங்ககிட்டதான் வாரேன்.”

அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பிரான்சிஸுக்கும் அப்போதுதான் உறைத்தது போலும், சிரிப்பு வடிந்தது. “அந்தக் கைடு புள்ள நம்பர் இருக்கு மாமா. வேணும்னா அந்தக் கோயில்ல பேசித் தாலியக் கேட்டுப் பாக்கவா?” என்றான் மெதுவாக.

“மாதாவுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்குறதா? போயிட்டு வாலே” என்றார் அண்ணன்.

அவன் போனபின் நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றப் போனேன். வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை விரித்தார். இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றது.

“இம்புட்டு வருசம் பொறுத்தா பாப்பா அவ. நான் இன்னும் செத்த நேரம் பொறுத்திருக்கலாம்ல?” என்றார்.